தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் மூக்கின் வலது பக்கத்தில், தூர்ந்துபோன ஒரு துளையின் தடம் இருக்கிறது. ஆம்பளைக்கு ஏது மூக்குத்தித் துளை என்று வெளியூரில் யாராவது உற்றுப் பார்த்தால், அம்மை வடு என்று சொல்லிவிடுவேன். வெட்கம் ஒன்றும் இல்லை. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் காபி ஆறிவிடும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கமே வேண்டாம். மூக்கைப் பார்த்ததும், "தவிட்டுக்கு வாங்கினதா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னால், பேச்சு அடுத்து மழைக்குப் போய்விடும்.

'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று சொல்லி அழவைக்கப்படாத தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. என் விஷயத்தில் அது கேலி இல்லை, நிஜமாகவே நடந்தது. எனக்கு முன்னால் என் அம்மாவுக்குப் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் கைப்பிள்ளையிலேயே போய்விட்டார்கள். "தலையே நிக்கலைடா. துணி மாதிரிக் கிடந்தானுக. பால் குடிச்சாப் புரையேறும்" என்று அம்மா பின்னாளில் சொன்னார். மூன்றாவதாக நான் பிறந்தபோது, வீட்டில் யாரும் சந்தோஷப்படத் துணியவில்லை. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததை, அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று ஆக்கிவிட்டால் சாவு ஏமாந்து போய்விடும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அதனால் என்னை விற்று வாங்கினார்கள்.

விற்றுக் கொடுத்தவர் கருவாட்டுக்காரப் பெண். ராமேஸ்வரம் தீவிலிருந்து ரயிலில் பரமக்குடி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து அபிராமம் சந்தைக்கு வருவார். சந்தை கலைந்ததும் எங்கள் ஊருக்குள் வந்து, மிச்சக் கருவாட்டை நெல்லுக்கும் தவிட்டுக்கும் மாற்றிக்கொண்டு போவார். வேறு ஊர், வேறு சாமி, கடல் தாண்டிய வீடு. அந்த வீட்டுக்குச் சாவுக்கு வழி தெரியாது என்று அம்மா நினைத்திருக்கிறார். என்னை அவர் கையில் கொடுத்து, "இது உன் பிள்ளை, தூக்கிட்டுப் போ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கருவாட்டம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரை வரை போய், திரும்பி வந்து, வாசலில் நின்று, "பிள்ளை வாங்கலையா, பிள்ளை" என்று கூவியிருக்கிறார். அம்மா கதவைத் திறந்து, கருவாட்டுக்குப் பேசுகிற மாதிரியே பேரம் பேசி, ஒரு முறம் தவிடு அளந்து போட்டு என்னை வாங்கிக்கொண்டார். பிறகு மூக்குக் குத்தி, யாரும் பொறாமைப்பட முடியாத ஒரு பெயரையும் வைத்தார்கள். அந்தப் பெயரோடுதான் இன்றுவரை ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் பிழைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கருவாட்டம்மா அதே வருஷத்தோடு எங்கள் ஊருக்கு வருவதை நிறுத்திவிட்டார். சந்தையிலும் ஆளைக் காணோம். அம்மாவுக்கு இது தீராத குறை. "என் பிள்ளையக் காப்பாத்திக் குடுத்தவ. ஒரு சேலை எடுத்துக் குடுக்கக்கூட ஆள் வரலையே, நான் என்ன குத்தம் பண்ணேன்?" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் படித்துத் தேர்ந்துகொண்ட துறை மனித மக்கள்தொகை மரபியல். பெயர்தான் பெரிது. ஒரு கரையில் இருக்கிற மக்கள் எங்கிருந்து வந்தார்கள், யாரோடு கலந்தார்கள், எப்போது கலப்பதை நிறுத்தினார்கள் என்பதை அவர்கள் எச்சிலிலும் ரத்தத்திலும் தேடுகிற வேலை. அதற்கு முதல் விதி, மாதிரி கொடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்கக் கூடாது. இந்த விதியை எழுதியவர் எங்கள் ஜில்லாவுக்கு வந்ததே இல்லை என்று அடித்துச் சொல்வேன். "நீங்க ரெண்டு பேரும் ரத்த சொந்தமா?" என்று கேட்டால், "சேச்சே, இல்லைங்க. இவரு எங்க அக்கா மகன்" என்பார்கள். சித்தப்பன் மகன் என்றால் ரத்தம், பங்காளி. தாய்மாமனும் அத்தை மகளும் கொண்டு கொடுக்கிற முறை, அது எப்படி ரத்தமாகும்? கேட்கிறவனுக்குத்தான் புத்தி இல்லை என்கிற மாதிரிப் பார்ப்பார்கள்.

மற்றவர்களைச் சொல்வானேன். என் அம்மா கட்டியது தன் சொந்தத் தாய்மாமனை. இரண்டாவது பிள்ளைக்கு மூச்சு முட்டியபோது மதுரை ஆஸ்பத்திரியில், சொந்தத்தில் கல்யாணமா என்று டாக்டர் கேட்டதற்கு, "ரத்த சொந்தம்லாம் இல்லைங்கய்யா, தாய்மாமன்தான்" என்று பதில் சொல்லியிருக்கிறார். டாக்டர் 'இல்லை' என்கிற பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

ஆய்வகத்துக்குப் புதுக் கருவி வந்தால், முதலில் எங்கள் எச்சிலைத்தான் போட்டுப் பார்ப்போம். பரிமாறுவதற்கு முன்னால் உப்புப் பார்ப்பது மாதிரி. அப்படி ஒருமுறை என்னுடையதைப் போட்டபோது, என் மாணவி திரையைப் பார்த்துவிட்டு, "சார், அப்பா பக்கம் அம்மா பக்கம் ரெண்டும் அங்கங்க நீளநீளமா ஒண்ணாவே ஓடுதே" என்றாள். தாய்மாமன் கல்யாணத்தில் பிறந்தவனுக்கு வேறு எப்படி ஓடும். அன்றுதான் என் அண்ணன்மார்கள் நினைவுக்கு வந்தார்கள். தலை நிற்காது, துணி மாதிரிக் கிடப்பார்கள், பால் புரையேறும். அந்த அடையாளங்களோடு பொருந்துகிற ஒரு மரபணுப் பிழை உண்டு. இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தப் பிழை வந்து சேர்ந்தால் பிள்ளை தங்காது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் செய்யாது, சும்மா உடம்பில் இருக்கும். சோதித்துப் பார்த்தேன். என்னிடம் ஒன்று இருந்தது. என்னைக் காப்பாற்றியது தவிடு இல்லை, அதிர்ஷ்டம். இதை அம்மாவிடம் சொல்ல முடியவில்லை, அவர் அதற்கு முன்பே போய்விட்டார். இருந்திருந்தாலும் தவிட்டைத்தான் நம்பியிருப்பார்.

தீவில் மாதிரி எடுக்கப் போனது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. உள்நாட்டு விவசாயக் குடும்பங்களையும் கடற்கரையில் இருக்கிற கத்தோலிக்க மீனவக் குடும்பங்களையும் ஒப்பிடுகிற ஆய்வு. பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எங்களைப் பற்றி அறிவித்தார். கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் மேஜை போட்டு உட்கார்ந்தோம், நானும் அந்த மாணவியும். சின்னக் குழாயில் கோடு வரைக்கும் எச்சில் துப்பிக் கொடுக்க வேண்டும். பெண்கள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்தே எச்சில் வற்றிப்போனார்கள். கடலுக்குப் போய்விட்டு வந்த ஆட்களைப் புகையிலையைத் துப்பவைத்து, வாய் கொப்பளிக்கவைத்து, காத்திருக்கவைப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. என் பொறுமை எப்போதுமே சீக்கிரம் போகிற சரக்கு.

அந்த வரிசையில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார். கருவாடு போடுகிற பெண்கள் குழுவுக்குத் தலைவி என்று அவருக்குப் பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள். மேஜைக்கு வந்தவர் குழாயை வாங்கக் கை நீட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"தம்பி எந்த ஊரு?"

"அபிராமத்துப் பக்கம்மா." ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அங்கன எந்த வீடு?"

"கண்மாய்க்குக் கீழே, பம்புசெட்டு வீடு."

என் மூக்கைப் பார்த்தார். நீட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். எனக்கு உடனே உறைக்கவில்லை. பின்னால் நின்ற பெண்களும் ஒவ்வொருவராகக் கலைந்தபோது எரிச்சல்தான் வந்தது. மாணவியை அனுப்பி என்னவென்று கேட்டு வரச் சொன்னேன். போனவள் எச்சில் நிறைந்த குழாயோடு திரும்பி வந்தாள்.

"குடுத்துட்டாங்க சார். உங்களைத்தான் வேண்டாமாம். அந்த மூக்குக் குத்தின ஆளு எங்க வீட்டுப் பக்கம் வரக்கூடாது, பச்சப்பிள்ளை இருக்குன்னு சொன்னாங்க. பேத்திக்குக் குழந்தை பிறந்து நாலு மாசமாம்."

அப்போதுதான் யார் என்று புரிந்தது. ஆய்வு விதிப்படி ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஏன் என்று கேட்கக்கூட உரிமை இல்லை. ஆனால் இது எச்சில் விஷயம் இல்லையே. அம்மா கடைசி வரை கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். என்னைக் கண்டு பயப்படுகிறார். ஒரு கைக்குழந்தைக்கு என்னால் கெடுதல் வரும் என்று நிஜமாகவே நினைக்கிறார். அதை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏற எனக்கு மனசு வரவில்லை.

அவர் வீட்டைச் சுற்றிப் பனைமட்டை வேலி. நான் உள்ளே போகவில்லை, வேலிக்கு வெளியே பூவரச மர நிழலில் நின்றேன். அவர் முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, காய்ந்த நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, உள்ளே வரலை. இங்கனயே நிக்கிறேன். எங்கம்மா சாகுற வரைக்கும் உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஏன் வராமப் போனீங்கன்னு மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்."

அவர் நிமிரவில்லை. "உங்கம்மா போயிட்டாளா?"

"போயிட்டாங்க."

"நல்ல மனுசி. அளந்து போடுறப்ப ஒரு கை கூடத்தான் போடுவா." கொஞ்ச நேரம் நெத்திலியையே புரட்டினார். பிறகு, அங்கிருந்தபடியே, வேலியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"உன்னைத் தூக்கிட்டுக் கம்மாக்கரைக்குப் போனேன்ல, நீ பசியில கத்துன. எனக்கும் மார் கட்டிக் கிடந்துச்சு, எம்பிள்ளைய வீட்டுல விட்டுட்டுக் கருவாடு விக்க வந்தவதான. யாரும் இல்லையேன்னு உனக்குப் பால் குடுத்தேன். உங்கம்மாகிட்டச் சொல்லலை. தவிட்ட வாங்கிட்டு வந்து கோழிக்குப் போட்டேன். ராத்திரி அதே பாலத்தான் எம்மகளும் குடிச்சா. மறு மாசமே போயிட்டா."

அவர் ஒரு கை நெத்திலியை அள்ளிப் பரப்பினார்.

"உங்க வீட்டுல ரெண்டத் தின்னது, உன்னை விட்டுட்டு என் பின்னாடியே ரயில் ஏறி வந்துருச்சு. நான்தான் கூட்டிட்டு வந்தேன். எம்பிள்ளைய நானே கொன்னேன். வீட்டுக்காரர்கிட்டச் சொல்லலை. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட மட்டும் சொன்னேன். அதெல்லாம் மூடநம்பிக்கை, மூணு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லுன்னாரு. சொன்னேன். பிறகு எத்தனை தரம் சொன்னேனோ."

இத்தனை காலம் என் வீட்டுச் சாவை இந்த அம்மா தன் தலையில் சுமந்திருக்கிறார். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், என் மூக்குத் தடத்தை வைத்து ஜோக் அடித்தேன்.

"அம்மா, எங்க அண்ணன்மாரு எதனால செத்தாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "இதுதான் என் படிப்பு. எங்கப்பாகிட்ட ஒரு கோளாறு இருந்துச்சு. எங்கம்மாகிட்டயும் அதே கோளாறு. ரெண்டு பேரும் ஒரே குடும்பம், தாய்மாமனும் அக்கா மகளும். அவங்களுக்கு அது ஒண்ணும் செய்யாது. ரெண்டு பேரு பக்கத்துல இருந்தும் வாங்கின பிள்ளை தங்காது. அண்ணன்மாரு ரெண்டு பேரும் அப்படி வாங்கிட்டாங்க. எனக்கு ஒரு பக்கத்துலதான் வந்துச்சு, அதான் இருக்கேன். அது பிறக்குறப்பவே உடம்புக்குள்ள வாரது. ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்குப் போகாது."

அவர் கை நின்றது. "பால்ல வராதா?"

"வராது."

"தவிட்டுல?"

"தவிட்டுல வராதும்மா."

'வாய்ப்பு மிகக் குறைவு', 'இப்போதைய தரவுகளின்படி' என்றே பேசிப் பழகிய வாய் இது. கருத்தரங்கில் ஒரு கேள்விக்குக்கூட நேராகப் பதில் சொன்னதில்லை என்று என் மனைவி கேலி செய்வாள். அன்றைக்கு எனக்கு ஒரு 'ஆனால்' கூட வரவில்லை.

அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எதிரில் நிற்பவன் மனசு தேற்றுவதற்காகச் சொல்கிறானோ என்கிற பார்வை. அப்போது, வேலைப் பழக்கத்தில், எந்த வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"உங்க மகளுக்குத் தலை நின்னுச்சா?"

"என்ன கேள்வி இது?"

"எங்க வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலையே நிக்கலை. கடைசி வரைக்கும் துணி மாதிரிக் கிடந்தாங்க. உங்க மகளுக்கு நின்னுச்சா?"

"நிக்காம?" என்றார், கோபமாகவே. "தலை நின்னு, குப்புற விழுந்து, உக்காந்துட்டா. நான் கூடையத் தூக்கிட்டுக் கிளம்புனா வாசப்படி வரைக்கும் தவந்து வருவா. படியில பிடிச்சு எந்திரிச்சு நிப்பா. உறைப்பா, திடமா இருப்பா. ஒரு இடத்துல இருக்க மாட்டா. எங்க வீட்டுக்காரர் வலையப் பரப்பி வச்சா, அதுல இருக்க மிதப்ப எல்லாம் பிடிச்சு இழுத்து..."

சட்டென்று நிறுத்தினார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

"அப்ப அது வேற" என்றார்.

"வேறதான்."

"அப்ப எம்பிள்ளை எதுல போச்சு?"

"எனக்குத் தெரியாதும்மா. எப்படிப் போனா?"

"காய்ச்ச. ஒரே நாள் காய்ச்ச. வெட்டு வெட்டுன்னு வெட்டி இழுத்துச்சு. பாம்பன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள போயிருச்சு."

"அப்ப காய்ச்சல்தான்மா. நீங்க கொண்டு வந்தது இல்லை."

அவர் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஆறுதலாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இவ்வளவு காலமாகப் பழி ஒன்று இருந்தது, அதற்குப் பின்னால் துக்கம் ஒளிந்திருந்தது. பழியை நான் எடுத்துவிட்டேன். இப்போது அவருக்கு அந்தப் பிள்ளை வெறுமனே செத்துப்போனது மட்டும்தான் மிச்சம். என்ன செய்வதென்று தெரியாமல் பூவரச இலையைக் கிள்ளிக்கொண்டு நின்றேன்.

அழுது முடித்ததும் அவர் மறுபடி மகளைப் பற்றியே பேசினார். தேங்காய்ச் சில்லைக் கொடுத்தால் பல்லில்லாத வாயால் சப்பிக்கொண்டே இருப்பாளாம். கோயில் மணி அடித்தால் எந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பித் தேடுவாளாம். கறுப்புதானாம், ஆனால் முகம் களையாம். இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லியே வெகு காலம் ஆகியிருக்கும். அந்தப் பிள்ளையை ஒரு பிள்ளையாக நினைக்கவே பயந்துபோய் இருந்திருக்கிறார். மாணவி மேஜையையெல்லாம் மடித்துவைத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று தெருமுனையில் நின்று கையைக் காட்டினாள். போகட்டும், அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நானும் கையைக் காட்டினேன்.

பேச்சுக்கு நடுவில் திடீரென்று, "அந்தக் கோளாறு இப்ப உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. சும்மா இருக்கு."

"உன் பிள்ளைகளுக்கு?"

"என் பொண்டாட்டிக்குத் தூரத்து ஊரு, சொந்தமே கிடையாது. அவகிட்ட அது இல்லை. ஒரே மக, காலேஜுல படிக்கிறா."

"மூக்குக் குத்தியிருக்கா?"

"அவளா போய்க் குத்திக்கிட்டா. ஃபேஷனாம்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. தார்ப்பாயின் ஓரங்களை மடக்கி நெத்திலியைக் குவித்துவிட்டு எழுந்து, தண்ணீர்த் தொட்டியில் கையைக் கழுவினார். வேலிப் படலைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"ஏலே, வெளிய என்ன நிக்கிற. உள்ள வா."

நான் தயங்கினேன். "பச்சப்பிள்ளை இருக்குன்னு..."

"அதான் வான்னு சொல்றேன்ல."

உள்ளே மாதா படத்துக்குக் கீழே பாய் விரித்திருந்தது. பேத்தி எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, யார் இந்த ஆள் என்பதுபோலப் பாட்டியைப் பார்த்தாள். "இவன் எங்கிட்டப் பால் குடிச்சவன்" என்றார் அவர். குனிந்து பாயிலிருந்த குழந்தையை எடுத்தார். எங்கள் ஊரில் ஒருநாள் என் அம்மா கையிலிருந்து என்னை வாங்கிய அதே கைகள்தான். அந்தக் கைகளால் குழந்தையை என்னிடம் நீட்டினார்.

என் குடும்பத்தில் கைக்குழந்தையை யார் வாங்கினாலும், முதல் வேலையாகக் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுப்போம். அம்மா அப்படித்தான் பழக்கியிருந்தார். நானும் இடது கையை அப்படியே கொண்டுபோனேன். அவர் என் கையை மெதுவாகத் தட்டிவிட்டார்.

"கழுத்தப் பிடிக்க வேண்டாம்டா. தலையெல்லாம் நின்னுருச்சு."